ஆரஞ்சு கோட்டு தொங்கிய சாரம்

"இன்னிக்கு என்ன வேலை பாத்தீங்க?" என்று மனைவி கேட்டால் முன்பெல்லாம் அவரிடம் பதில் இருந்தது. பின்பக்கச் சுவருக்கு முழுதாகச் சாரம் கட்டினோம் என்பார், படிக்கட்டுப் பக்கத்துச் சாரத்தைப் பிரித்தோம் என்பார். சில நாள் குழாயை இறுக்குகிற கிளாம்பு விரலைக் கடித்துவிட்டது என்று கையை நீட்டிக் காட்டுவார். ஆரஞ்சு கோட்டைப் போட்ட பிறகு அவரிடம் ஒரே பதில்தான் மிஞ்சியது.

"ஒண்ணும் நடக்கல."

"அது சரி. அப்போ நீங்க வேலை பாத்தீங்களா, இல்லையா?"

அந்த அம்மாள் கேலியாகத்தான் கேட்டாள். அவருக்கோ மெய்யாகவே அதுதான் தெரியவில்லை.

ஆளை முதலில் சொல்லிவிடுகிறேன். தலை நரைக்கிறவரை கட்டட வேலையில் சாரக்காரராக இருந்தவர். கொத்தனாரும் பூச்சுக்காரரும் பெயிண்டரும் நின்று வேலை செய்வதற்காகக் கட்டடத்தைச் சுற்றிக் குழாயும் பலகையுமாக ஒரு எலும்புக்கூட்டை நிறுத்துகிறார்களே, அதுதான் சாரம். கட்டடம் முடிந்ததும் அதைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். குடியேறுகிற ஒருவருக்கும் சாரக்காரரின் ஞாபகம் வராது. அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. முட்டி தேய்ந்ததுதான் வருத்தம். ஏணியில் பாதி ஏறியதும் கால் 'நான் வரமாட்டேன்' என்று நின்றுகொண்டது.

இன்ஜினியர் நல்ல மனிதர். வேலையை விட்டு அனுப்ப மனமில்லாமல் அறைக்குள் கூப்பிட்டார்.

"இனிமே நீங்க மேல ஏற வேண்டாம். சேஃப்டி பாத்துக்குங்க."

"சரிங்க சார். என்ன செய்யணும்?"

"எதுவும் நடக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"நடந்துட்டா?"

இன்ஜினியர் சிரித்தார். "நடக்காம இருக்கத்தானே நீங்க இருக்கீங்க!"

அந்தச் சிரிப்பு அவருக்குச் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி ஆகிவிட்டது. கழற்றி உதறவும் முடியவில்லை, போட்டுக்கொண்டு நடக்கவும் முடியவில்லை.

பயிற்சி என்று ஒருநாள் முழுக்க ஒரு குளிர்ந்த அறையில் உட்காரவைத்தார்கள். டை கட்டிய ஒருவர் சுவரில் படம் காட்டினார். ஹெல்மெட் போட்ட பொம்மை சிரித்தது, போடாத பொம்மை படுத்துக்கிடந்தது. கடைசியில் அவர் "பாதுகாப்பு என்பது எல்லாருடைய பொறுப்பு" என்று அழுத்திச் சொன்னார். நம்மாள் கையைத் தூக்கினார்.

"எல்லார் பொறுப்புன்னா, என் பொறுப்பு எது வரைக்கும் சார்?"

"ரொம்ப நல்ல கேள்வி" என்றார் டை கட்டியவர். அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

வேலையிடத்துக்கு வந்து பார்த்தால் குழப்பம் இன்னும் கூடிற்று. பூச்சுக்காரர்கள் பூச்சுக் கான்ட்ராக்டரின் ஆட்கள், அவர்களை அதட்ட அந்தப் பூச்சு மேஸ்திரிக்குத்தான் உரிமை. உயரத்தில் விழாமல் மாட்டிக்கொள்கிற பெல்ட்டெல்லாம் ஸ்டோரில் இருந்தது, சாவி ஸ்டோர்க்காரர் இடுப்பில் இருந்தது. வேலையை நிறுத்தச் சொல்ல இன்ஜினியரால்தான் முடியும், அவரோ வேலையை முடிக்கச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். இவருக்கென்று இருந்தது வாய் ஒன்றுதான். அதையும் பாதிப் பேர் காதில் வாங்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டார்கள் என்பார்களே, அதேதான். கூடவே பளபளவென்று ஒரு கோட்டையும் மாட்டி விட்டிருந்தார்கள்.

கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் பச்சை, இவருக்கு மட்டும் ஆரஞ்சு. அதனால் 'ஆரஞ்சு அண்ணே' என்று பெயர் வந்தது. அவர் ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்து ஹெல்மெட்டுகள் எல்லாம் தலைக்கு ஏறும். அவர் தாண்டிப் போனதும் கீழே இறங்கி, உட்காரும் முக்காலியாகிவிடும்.

ஒருநாள் சாரத்துக்குள் குனிந்து நுழையும்போது கோட்டு கிளாம்பில் மாட்டி இழுத்தது. சனியன் என்று திட்டிக் கழற்றிக் கம்பத்தில் தொங்கவிட்டார். பார்த்து முடித்து, மறந்துபோய், தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வந்தவர் அப்படியே நின்றார். அந்தப் பக்கத்தில் ஒருவர் விடாமல் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். பெல்ட்டின் கொக்கி கூட மாட்டியிருந்தது. ஆள் இல்லை, கோட்டுதான் இருந்தது. கோட்டுக்கே அவ்வளவு மரியாதை!

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து வேண்டுமென்றே ஒரு பக்கத்தில் கோட்டை மாட்டிவிட்டு இன்னொரு பக்கத்தைப் பார்க்கப் போனார். சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி அது நின்று வேலை பார்த்தது. வீட்டில் பெருமையாகச் சொன்னபோது மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க இல்லாமலே உங்க கோட்டு வேலை பாக்குதா? அப்போ நாளையிலேருந்து சாப்பாட்டை அதுக்கே கட்டித் தர்றேன். நீங்க வீட்ல இருந்து பாத்திரம் தேய்ங்க."

ஆனால் அவர் கவனிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. சாரத்தில் ஏறுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, ஒருவரைப் பார்த்து ஒருவருக்கு ஒட்டிக்கொள்ளும். ஏணியில் கால் வைக்கும் முன் பக்கத்துக் கம்பத்தை ஒரு கையால் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவார்கள். கம்பம் கல்லுப்போல் நின்றால் ஏறுவார்கள். கொஞ்சம் அசைந்தாலும் மேலே அண்ணாந்து பார்த்து, சாரக்காரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். இவரும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான். கோட்டு தொங்கத் தொடங்கிய பிறகு கம்பத்தை ஆட்டுகிற கைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. சேஃப்டியே பார்த்துவிட்டார், நாம் எதற்கு ஆட்ட வேண்டும்? நடப்பதைப் பார்க்கலாம், நின்றுபோனதை எந்தக் கண்ணால் பார்ப்பது? அவருக்குத் தெரியவே இல்லை.

அந்தப் பூச்சுக்காரர்களில் ஒருவன் அவருடைய மச்சினன். மனைவிக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா போனபிறகு அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவள் அவள்தான். கல்யாணமாகி வரும்போது பெட்டியோடு தம்பியையும் சேர்த்துத்தான் கூட்டி வந்தாள். படிப்பு ஏறவில்லை, கை மட்டும் நன்றாக ஓடியது. சுவரில் அவன் பூசிய இடத்தில் கன்னத்தை வைத்துப் படுக்கலாம். வேறெங்கோ வேலை பார்த்தவனை இந்தக் கட்டடத்துக்கு இழுத்து வந்ததும் அக்காள்தான். "எங்கேயோ போய் யார் கட்டின சாரத்துலயோ ஏறறதுக்கு, உங்க கண்ணு முன்னாடி இருக்கட்டுங்க" என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார். இன்ஜினியர் கொடுத்த பொறுப்பு பாதிதான் புரிந்தது. மனைவி கொடுத்தது முழுதும் புரிந்தது.

மச்சினன் வாய்த்துடுக்கு. "டேய், எங்க மாமா வர்றாரு, எல்லாரும் தலையில சட்டியைக் கவுத்துங்க!" என்று கத்துவான். இவர் கீழிருந்து கையை ஓங்குவார். அவனுடைய ஹெல்மெட் மட்டும் தலையை விட்டு இறங்காது. அக்காளிடம் அடி வாங்கி வளர்ந்தவன்.

அன்று காலை அவர் பின்பக்கச் சாரத்துக்குத்தான் முதலில் போனார். பழைய கை அல்லவா, யோசிக்காமல் கம்பத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். மேலே முதல் மாடி உயரத்தில் சாரம் சுவரை விட்டு விலகி, மெல்லத் திரும்பி வந்து ஒட்டியது.

அண்ணாந்து பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. சாரம் தானாக நிற்காது. ஜன்னல் ஓட்டை வழியாகக் குறுக்குக் குழாய்களை விட்டு, உள்ளே முட்டுக் கொடுத்து, சுவரோடு இழுத்துப் பிடித்திருப்பார்கள். பிடிக்குழாய் என்று பெயர். ஜன்னல் ஓரத்தைப் பூசும்போது அது இடைஞ்சல். ஒன்றைக் கழற்றி, பூசி, திரும்ப மாட்டிவிட்டு, அப்புறம் அடுத்ததைத் தொட வேண்டும். முந்தின சாயங்காலம் யாரோ அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். குழாய்களைத் தரையில் சுத்தமாக அடுக்கி வைத்திருந்தார்கள். அடுக்கி வைத்ததைப் பார்த்தால் ஏதோ பொறுப்பானவர்கள் செய்த மாதிரிதான் இருந்தது.

பூச்சுக்காரர்கள் இன்னும் வரவில்லை. திரும்ப மாட்டச் சாரக்காரர்கள் வேண்டும், அவர்கள் முன்பக்கத்தில் இருந்தார்கள். வழியை அடைக்க ஒரு கயிறு தேடினார், கிடைக்கவில்லை. காவலுக்கு ஒரு ஆளைத் தேடினார், கண்ணுக்கெட்டியவரை ஒருவரும் இல்லை. மச்சினனுக்குப் போன் போடலாமா என்று கை பாக்கெட்டுக்குப் போனது. வேலை நேரத்தில் போன் கூடாது என்று எல்லார் போனையும் வாசலிலேயே வாங்கிப் பூட்டிவைக்கச் சொன்னவர் அவரேதான்.

கோட்டைக் கழற்றினார். ஏணிக்குக் குறுக்கே, கால் வைக்கிற படியை மறைத்து விரித்து மாட்டினார். ஹெல்மெட் போடாதவனையே போடவைக்கிற கோட்டு, ஏற வருகிறவனை நிறுத்தாதா? அப்படித்தான் அவர் நினைத்தார். தேய்ந்த முட்டியை இழுத்துக்கொண்டு முன்பக்கம் போனார்.

வழியில் இன்ஜினியர் பிடித்துக்கொண்டார். கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் பார்க்க வருகிறார்களாம், முன்வாசலில் உடைந்த செங்கல் கிடக்கிறதாம்.

"சேஃப்டின்னு ஒருத்தர் இருக்கும்போதே இப்படிக் கெடக்கலாமா?"

"சார், பின்பக்கம் சாரத்துல..."

"வரேன், பாக்கறேன். முதல்ல இதை எடுக்கச் சொல்லுங்க."

அவர் நின்றார். கேட்பதா, மீறுவதா? செங்கல்லும் சேஃப்டிதான், சாரமும் சேஃப்டிதான். எது பெரியது என்று அவருக்குத் தெரியும். அதை முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. கோட்டு இருக்கிறதே என்ற தைரியம் வேறு. நாலு செங்கல்லைத் தானே குனிந்து ஓரமாகப் போட்டார். அப்புறம்தான் சாரக்காரர் இருவரைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

ஏணியில் கோட்டு இல்லை.

யாரோ அதை எடுத்து, தூசி தட்டி, பக்கத்துக் கம்பத்தில் அழகாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏணிக்கு வழி விட்டிருந்தார்கள். மேலே மூன்று பேர். ஹெல்மெட், பெல்ட், ஒன்றிலும் குறை இல்லை. பெல்ட்டின் கொக்கிகளை மாட்டியிருந்ததோ, எதிலும் பிடிப்பில்லாத அதே சாரத்தில்.

"மாமா, உங்க கோட்டை ஏணியில போட்டுட்டுப் போயிட்டீங்க. மிதிபட்டுடும்னு எடுத்து மாட்டினேன்" என்று மேலிருந்து சிரித்தான் மச்சினன்.

கத்தினால் மூன்று பேரும் ஒரே பக்கமாக ஓடிவருவார்கள், சாரம் கவிழ்ந்துவிடும். வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் பேசினார்.

"மாப்ளே, கையில இருக்கறதை அப்படியே வை. யாரும் அவசரப்படாதீங்க. கொக்கியைக் கழட்டிட்டு, சுவர் ஓரமா ஒவ்வொருத்தரா இறங்குங்க. ஏணிப்பக்கம் நிக்கறவர் முதல்ல."

சாரக்காரர்கள் இருவரும் கீழே கம்பத்தைத் தோளில் தாங்கினார்கள். ஒருவர் இறங்கினார். இன்னொருவர் இறங்கினார். மச்சினன் திரும்பினான். கலவைச் சட்டி பலகையின் ஓரத்தில் இருந்தது. கீழே மாமா நிற்கிறார், விழுந்தால் அவர் தலையில்தான் விழும் என்று நினைத்தானோ என்னவோ, அதை உள்ளே தள்ளி வைக்க வெளிப்பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். அந்த ஓரடி போதுமாயிருந்தது. சாரம் சுவரை விட்டு மெதுவாக, யாரோ கதவைத் திறப்பது போல விலகிச் சாய்ந்தது. தாங்கியவர்கள் தள்ளாடினார்கள். பலகை வழுக்கியது. அவன் மணல்குவியலின் ஓரத்தில் விழுந்தான்.

உயிருக்கு ஒன்றும் இல்லை. தொடை எலும்பு உடைந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லாரும் சொன்னார்கள். அவருக்கு அந்த ஆறுதல் உள்ளே இறங்கவில்லை.

விசாரணை இன்ஜினியர் அறையில் நடந்தது. கட்டடச் சொந்தக்காரர்கள் தரப்பில் ஓர் அதிகாரி வந்திருந்தார். குழாயைக் கழற்றச் சொன்னது யார்? பூச்சு மேஸ்திரி, இன்ஜினியர் ஜன்னலை முடிக்கச் சொன்னார் என்றார். இன்ஜினியர், முடிக்கத்தான் சொன்னேன், கழற்றச் சொல்லவில்லை என்றார். சாரக்காரர்கள், எங்களிடம் யாரும் மாட்டச் சொல்லவில்லை என்றார்கள். மேஸ்திரி, சொல்லியனுப்பினேன் என்றார். யாரிடம் சொல்லியனுப்பினார் என்பது அவருக்கு ஞாபகமில்லை. ஒவ்வொருவர் சொன்னதும் உண்மை போலத்தான் இருந்தது. கேட்கக் கேட்க நம்மாளுக்குத் தலை சுற்றியது. இத்தனை பேரும் சரியாக இருந்தால் அவன் ஏன் விழுந்தான்?

அதிகாரி இவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க அந்தச் சாரத்தைப் பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேன் சார்."

"ஆபத்துன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன் நிறுத்தல?"

"கோட்டை மாட்டினேன் சார்."

அறையில் யாருக்கும் புரியவில்லை. "கோட்டை மாட்டினா என்ன அர்த்தம்?" என்றார் அதிகாரி. ஏறாதே என்று அர்த்தம் என்று சொல்லலாம். ஆனால் நேற்று வரை அது தொங்கிய இடத்திலெல்லாம் ஆட்கள் ஏறிக்கொண்டுதானே இருந்தார்கள்? பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கு பிடித்து, அதற்குத் தினமும் தன் கோட்டையே போர்த்திவிட்டிருக்கிறார்.

பூச்சுக் கான்ட்ராக்டரை மாற்றினார்கள். சில நாள் வேலை நின்று பிறகு தொடங்கியது. அவரை யாரும் போகச் சொல்லவில்லை. திட்டியாவது இருக்கலாம், அதுவும் செய்யவில்லை. தப்பு தன்னுடையதா, எல்லாருடையதா, எல்லாருடையது என்றால் தன் பங்கு எவ்வளவு என்று அவர் இரவும் பகலும் குழம்பினார்.

ஆஸ்பத்திரியில் மச்சினனின் கால் கட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. அக்காள் அவனுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைக்கு வாருவது போலவே வாரினாள். கணவரிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"ஏன் மாப்ளே, ஏறறதுக்கு முன்னாடி கம்பத்தை ஆட்டிப் பாக்கலையா?" என்றார் கடைசியில்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். குத்திக்காட்டும் எண்ணமெல்லாம் அவனுக்கு இல்லை.

"வேற யார் கோட்டா இருந்தாலும் ஆட்டிப் பாத்திருப்பேன் மாமா. உங்க கோட்டுன்னுதான் அப்படியே ஏறிட்டேன்."

சீப்பு ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது. அவர் வெளியே வந்து, வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

மறுபடி வேலைக்குப் போன நாளிலிருந்து கோட்டு அவர் உடம்பை விட்டு இறங்கவில்லை. வெயிலில் முதுகு வியர்த்து ஊறியது, "கழட்டுங்கண்ணே" என்றார்கள், கழற்றவில்லை. ஏணியடியில் போய் நின்றுகொண்டார். ஏற வருகிற ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கம்பத்தில் வைத்தார்.

"ஆட்டு."

"நீங்கதான் பாத்துட்டீங்களேண்ணே?"

"நான் பாத்தா நான் பாத்தது. என்னை நம்பி ஏறாதே. ஆட்டிப் பாத்துட்டு ஏறு."

இன்ஜினியர் காதுக்கு இது போயிற்று. "என்னய்யா இது? சேஃப்டியே என்னை நம்பாதீங்கன்னு சொன்னா, அப்புறம் உங்க வேலைதான் என்ன?"

"அதைத்தான் சார் நான் மொத நாள்லேருந்து கேக்கறேன்" என்றார். நக்கல் இல்லை, மெய்யாகவே கேட்டார். இன்ஜினியர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

மாதங்கள் கழித்து மச்சினன் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தான். சமையலறையில் அக்காள் தட்டு எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் வேலையிடத்துக் கதையெல்லாம் கேட்டான். கம்பத்தை ஆட்டவைக்கிற கூத்தைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தான். "நல்ல வேலை பண்ணீங்க மாமா" என்றான். அவருக்கு வெகுநாளைக்குப் பிறகு மனசு லேசானது.

"நிக்காதே மாப்ளே, உக்காரு" என்று சுவரோரம் கிடந்த மர நாற்காலியை இழுத்து அவனுக்குப் பின்னால் போட்டார். அந்த நாற்காலியில் அவன் பள்ளிக்கூடப் பையனாக உட்கார்ந்து பாடம் எழுதியிருக்கிறான்.

மச்சினன் பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே, தன்னையறியாமல், ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்தான். ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. அப்புறம் உட்கார்ந்தான்.

தட்டோடு வந்த மனைவி அதைப் பார்த்துவிட்டாள். அவரும் பார்த்தார். என்னை நம்பாதே, ஆட்டிப் பார் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது அவர்தான், இதற்காகத்தான் ஏணியடியில் வெயிலில் நின்றார். சந்தோஷப்பட வேண்டியதா, அழ வேண்டியதா என்று தெரியாமல், நாற்காலியை இழுத்த கையை எங்கே வைப்பது என்றும் தெரியாமல் நின்றார்.

"இன்னிக்கு என்ன வேலை பாத்தீங்க?" என்றாள் அவள், அவரைப் பார்க்காமல், தம்பிக்குப் பரிமாறியபடி.

"ஒண்ணும் நடக்கல" என்றார்.

அவள் இந்தமுறை சிரிக்கவில்லை. அவருக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.